மூக்கால் சொன்ன பனி

பூமியின் உச்சிக்குச் சற்றுக் கீழே, வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஊசியிலைக் காட்டில் ஒரு ரங்கூன் காகம் கத்துகிறது. நான் குரல் கொடுத்த படத்தைப் பொறுமையாகப் பார்த்தால் உங்களுக்கும் கேட்கும். வெள்ளை முயல் ஒன்று பனிமேல் ஓடும் இடத்தில், ஒரே ஒரு தடவை, "கா" என்று. அந்தக் காகம் ரங்கூனின் கியாக்டடா பேட்டையில், நாங்கள் குரல் பதிவு செய்த கட்டடத்துக்கு எதிரே இருக்கும் மின்கம்பியில் குடியிருப்பது. அது அவ்வளவு தூரம் போனதற்கு நான்தான் காரணம்.

நான் மருந்துக்கடைக்காரி. கடை என்னுடையது இல்லை, முன்னால் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். சூலே பகோடாவைச் சுற்றி வரும் பஸ்களின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு" என்று பல வருடமாகப் பர்மிய மொழியில் சொல்லிச் சொல்லி என் குரலுக்கு ஓர் அதிகாரம் வந்துவிட்டது. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்கிறேனாம். என் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு நாள் இருமலோடு ஓர் அம்மாள் வந்தார். கைப்பையில் எதையோ தேடிக்கொண்டு குனிந்தபடியே மருந்து கேட்டார், நானும் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். தேடுவதை நிறுத்தி, குனிந்தபடியே, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். வழக்கமான அந்த ஒரு நொடி வந்தது.

அந்த நொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கொள்ளுத்தாத்தாவுக்கும் முந்தியவர் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் இந்த ஊரில்தான். ஆனாலும் என் குரலைக் கேட்ட பிறகு என் முகத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு நொடி கணக்கு உதைக்கும். அப்புறம் சிரித்துக்கொண்டு, "பர்மிய மொழி ரொம்ப நல்லா பேசறீங்களே" என்பார்கள். அடுத்தது, "எந்த ஊர்?" இதே ரங்கூனில் அலோன் பேட்டை என்றால் விடமாட்டார்கள். "அதுக்கு முன்னாடி?" அதற்கும் முந்தி என்றால் எங்கே போவது, அம்மா வயிற்றுக்கா? நல்லவர்கள்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த அம்மாளும் அதையேதான் சொன்னார். "பர்மிய மொழி ரொம்ப நல்லா பேசறீங்களே."

"நீங்களும்தான்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நான் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தட்டி, ஒரு வழியாக அடங்கியது. அதற்குப் பிறகு அவரை நான் அமா என்று கூப்பிட ஆரம்பித்தேன், அக்கா என்று அர்த்தம். அவர் என்னை ஞீமா என்றார், தங்கை. அமாவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் சின்ன ஒலிப்பதிவு அறை இருந்தது. வெளிநாட்டுப் படங்களுக்குப் பர்மியக் குரல் கொடுக்கும் வேலை. அப்போது கையில் இருந்தது வடக்குக் காடுகளைப் பற்றிய படம். அந்தக் குளிரில் மரமும் மிருகமும் எப்படிப் பிழைக்கின்றன என்பது முழுக்க.

"நடிக்கற குரல் நெறைய இருக்கு, ஞீமா. எனக்கு மாத்திரை கொடுக்கற குரல்தான் வேணும்" என்றார்.

இப்படித்தான் வேலைநேரம் முடிந்து, மத்தியான இடைவேளையில், ஞாயிற்றுக்கிழமையில் என்று அந்த மூன்றாவது மாடிக்கு ஏற ஆரம்பித்தேன். அறை முழுக்கச் சுவரில் பஞ்சுமெத்தைகளையும் போர்வைகளையும் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சத்தம் பதிந்துவிடும் என்பதால் ஏசி கிடையாது, மின்விசிறியும் கிடையாது. நான் மெத்தைகளுக்கு நடுவே வேர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்துகொண்டு, "மரத்தின் சாறுகூட உறையும் குளிர் இது" என்று படிப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் சட்டையில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

காகிதத்தில் இருந்த விஷயங்கள் எனக்கு ஒரேயடியாகப் பிடித்துப்போயின. ஸ்ப்ரூஸ் என்று ஒரு மரம், கோயில் கோபுரம் மாதிரி மேலே போகப் போகக் குறுகி, கிளைகளைக் கீழ்நோக்கித் தழைய விட்டிருக்கும். பனி அதிகமாகச் சேர்ந்தால் தானாகச் சரிந்து விழுந்துவிடும், கிளை ஒடியாது. லார்ச் என்று இன்னொன்று, அதுவும் ஊசியிலை மரம்தான், ஆனால் குளிர் வருவதற்கு முன்னால் அத்தனை இலையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். காப்பாற்ற முடியாததைக் கட்டிக்கொண்டு அழாத மரம். காட்டுக்கோழி ஒன்று ராத்திரியானால் பனிக்குள்ளே தலைகுப்புறப் பாய்ந்து, போர்வைக்குள் இருப்பதுபோல் கதகதப்பாகத் தூங்கும். மூஞ்சூறு ஒன்று குளிர்காலத்தில் தன் உடம்பையே சின்னதாக்கிக்கொள்ளும், மண்டையோடுகூடச் சுருங்குமாம். உடம்பு சின்னதானால் சாப்பாடும் கொஞ்சம் போதும். இதை நான் வீட்டில் சொன்னபோது என் கணவர் தன் தொப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவர் வேலை செய்வது அலோன் படகுத்துறையை ஒட்டி இருக்கும் ஒரு குளிர்கிடங்கில். மீனும் இறாலும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் இடம். எங்கள் வீடு அதற்குப் பின்பக்கத்துத் தெருவில். ஊரே வேர்த்து வழியும்போது தடித்த கோட்டும் கம்பளிக் குல்லாயும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதர் அவர். அதனால் வடக்குக் காட்டைப் பற்றிப் பேச உரிமை தனக்குத்தான் உண்டு என்ற எண்ணம் அவருக்கு. குறிப்பாக அந்தத் தவளை. அங்கே ஒரு தவளை இலைச்சருகுக்கு அடியில் படுத்து, உடம்புக்குள் ஐஸ் பிடித்து, இதயமும் நின்றுபோய்க் கிடக்கும். வெயில் வந்ததும் உருகி எழுந்து தாவிப் போய்விடும். உடம்பில் ஊறும் சர்க்கரைதான் அதைக் காப்பாற்றுகிறதாம்.

"எங்க கெடங்குல எறாலும் அப்படித்தான் கெடக்கு" என்றார் அவர். "ஒண்ணுகூட எந்திரிச்சுப் போனதில்ல."

"அதுக்குச் சக்கரை வேணுங்க."

"எனக்குத்தான் இருக்கே சக்கரை. அப்ப நான் பொழச்சுக்குவேன்."

எல்லாம் நன்றாகப் போயிருக்கும், பனி என்ற சொல் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

பர்மிய மொழியில் பனிக்கு "ஹ்நின்" என்று பெயர். தமிழில் விடியற்காலை இலைமேல் நிற்கும் துளியும் பனி, மலையை மூடிக் கிடப்பதும் பனி. பர்மிய மொழியிலும் அப்படியேதான். புல்லில் இருப்பதும் ஹ்நின், டிசம்பர் காலையில் ஆற்றுமேல் நிற்கும் மூட்டமும் ஹ்நின், அந்த ஊரில் கொட்டுவதும் ஹ்நின். பொருளில் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் மூக்கில் இருந்தது. அந்தச் சொல்லைத் தொடங்கும்போது மூக்கு வழியாக ஒரு மூச்சு போக வேண்டும். மூச்சு போனால் பனி. போகாவிட்டால் அது வெறும் "நின்" ஆகிவிடும். நின் என்றால் மிதிப்பது.

எங்கள் வீட்டு வாய்க்கு அந்த மூச்சு பழக்கமில்லை. தலைமுறை தலைமுறையாக நாங்கள் குளிர்காலத்தில் "இன்றைக்கு நல்ல மிதி" என்றுதான் பர்மியர்களிடம் சொல்லியிருக்கிறோம். அவர்களும் வானத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ரங்கூனில் வருடத்துக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டிய சொல்லுக்கு யார் மெனக்கெடுவார்கள்? ஆனால் இந்தப் படத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் பனி. முதல் நாள் நான் படித்தது இப்படி: "ஆறு மாதம் காடு மிதியால் மூடிக் கிடக்கிறது. மிதி மெல்ல மெல்ல விழுகிறது. மிதிக்கு அடியில் எலிகள் சுரங்கம் தோண்டுகின்றன." ஒலிப்பதிவுக்காரரின் தலை மேசைக்குக் கீழே போய்விட்டது. தோள் மட்டும் குலுங்குவது தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாக்கியம் இருந்தது. அந்த முயலுக்குப் பின்னங்கால் பாதம் அகலம், விரல்களுக்கு நடுவே ரோமம். அதனால் பஞ்சு போன்ற பனியிலும் புதையாமல் ஓடும். பர்மிய மொழியில், "யோங்கா ஹ்நின்போ நின்த்வாதே." முயல் பனிமேல் மிதித்துப் போகிறது. பனியும் மிதியும் அடுத்தடுத்து. நான் சொன்னால், முயல் மிதிமேல் மிதித்துப் போனது.

அமா சிரிக்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்து எனக்கு விசிறிவிட்டபடி சொன்னார். "ஞீமா, உன் குரல் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா முடிவு செய்யறது நான் இல்ல. சரிபார்க்க ஒரு பெரியவர் இருக்கார். வானொலியில வேலை பாத்து ஓய்வு பெற்றவர். வீட்டுல கண்ண மூடிக்கிட்டுக் கேப்பார். யாரு, எப்படி இருப்பாங்கன்னு எதுவும் கேக்க மாட்டார். சரின்னா சரி. வேண்டாம்னா வேற ஒரு பொண்ணு தயாரா இருக்கா. அடுத்த வாரம் முதல் பாதியை அனுப்பணும்."

மூன்று மாடி இறங்கி வரும்போது எனக்கு அழுகை முட்டியது. வேலை போனால் என்ன, மருந்துக்கடை இருக்கிறது. ஆனால் எனக்கு இது வேண்டும், அவ்வளவு வேண்டும் என்பது அந்தப் படிக்கட்டில்தான் தெரிந்தது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு என்னைக் கேட்கப் போகிறார். முகத்தைப் பார்த்துத் தடுமாறும் அந்த நொடி இல்லாமல், பாராட்டு இல்லாமல், "எந்த ஊர்" இல்லாமல், வெறும் குரலாக. வாழ்க்கையில் ஒரு தடவையாவது அப்படிக் கேட்கப்பட வேண்டும் என்று இருந்தது. ஒரு மூச்சு குறைந்ததால் அவர் கண்ணைத் திறந்து, "யார் இந்தக் கலாமா?" என்று கேட்டுவிட்டால்? எங்கள் ஆட்களைச் சொல்லும் அந்தச் சொல் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

அன்றிலிருந்து பயிற்சி. அலோனிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஹ்நின், ஹ்நின் என்று மூக்கால் ஊதினேன். பக்கத்தில் இருந்த பெண் இரக்கப்பட்டுக் காகிதக் கைக்குட்டை நீட்டினாள். க்யிம்யிண்டைங் சந்தையில் எனக்குத் தெரிந்த கீரைக்காரம்மாவிடம், "ஹ்நின்னு சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் சொன்னார். திரும்பக் கேட்டேன், திரும்பச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டதும் கீரைக்கட்டை என் பையில் திணித்து, வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னார். அவர் சொன்னதில் மூச்சு எங்கே இருந்தது என்று என் காதுக்குப் பிடிபடவே இல்லை. என் காதுதான் மோசம் என்று முடிவு செய்துகொண்டேன்.

என் கணவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாவது நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"இந்தா, மூச்சு போகுதா இல்லையான்னு ஒனக்குத் தெரியணும், அவ்வளவுதானே?"

"ஆமாங்க."

"மூச்சக் கண்ணால பாக்கறதுக்கு இந்த ஊர்லயே ஒரே ஒரு எடந்தான் இருக்கு. நாளைக்கு வா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிடங்கின் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூட்டிப் போனார். அவருடைய மாற்றுக் கோட்டு எனக்கு முழங்காலுக்குக் கீழே வரை வந்தது. கனத்த கதவு திறந்ததும் வெள்ளைப் புகை தரையோடு வழிந்து தெருப்பக்கம் போனது. உள்ளே போனேன். குளிர் ஊசி ஊசியாக மூக்குக்குள் குத்தியது. இத்தனை நாள் வேர்வையில் உட்கார்ந்து படித்ததெல்லாம் நிஜம் என்று என் மூக்குக்கு அப்போதுதான் தெரிந்தது. பெட்டிகளின் மேலும் குழாய்களின் மேலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் சுரண்டினேன், நகத்தில் ஒட்டிக்கொண்டது. நாற்பது வயதில் நான் முதலில் தொட்ட பனி, இறால் வாசனையோடு இருந்தது.

"சும்மா நிக்காத, சொல்லு" என்றார். அவர் முகம் குல்லாய்க்குள் ஆந்தை மாதிரி இருந்தது.

"நின்" என்றேன். என் முகத்துக்கு முன்னால் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை.

"ஹ்நின்" என்றேன், மூக்கால் தள்ளி. இரண்டு நாசியிலிருந்தும் இரண்டு வெள்ளைப் புகைக் கோடு குபுக்கென்று கீழே இறங்கியது.

நாங்கள் இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். பனி என்ற சொல்லே என் மூக்கிலிருந்து பனியாக வந்திருந்தது. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? அவரும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் மீன்பெட்டிகளுக்கு நடுவே எதிரெதிரே நின்று, ஹ்நின் ஹ்நின் என்று எருமைகள் மாதிரி ஊதினோம். அவருக்கு என்னைவிட நீளமாகப் புகை வந்தது. பழக்கம்தான் என்று பெருமையடித்துக்கொண்டார். பெட்டி எடுக்க உள்ளே வந்த ஆள் எங்களைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கிடங்கின் குளிரிலிருந்து ரங்கூன் வெயிலுக்கு வந்த மறுநாள் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. இந்த உலகத்தில் எத்தனையோ வியாதி இருக்க, மூக்கடைப்பு. மூக்கால் சொல்ல வேண்டிய ஒரு சொல்லுக்காகப் போய் மூக்கையே இழந்து வந்தேன். கடையில் எல்லோருக்கும் மருந்து கொடுத்துவிட்டு நான் மஞ்சள் போட்டு ஆவி பிடித்தேன். நல்ல வேளையாக அமாவின் கட்டடத்தில் இரண்டு நாள் கரண்ட் முறை வைத்து வருவதும் போவதுமாக இருந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் பதிவு செய்ய முடியாது. மூன்றாம் நாள் தெரு முழுக்க "மீ லாபி" என்று சத்தம் எழுந்தது, கரண்ட் வந்துவிட்டது என்று. என் மூக்கும் அதே நேரத்தில் திறந்துகொண்டது.

அன்றைக்கு நான் படித்த படிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பனிக்கும் மூச்சு போட்டேன். ஒன்றைக்கூட விடவில்லை. ஒலிப்பதிவுக்காரர் கட்டைவிரலைக் காட்டினார். அமா பதிவைப் பெரியவருக்கு அனுப்பினார். நான் தேநீர்க்கடையில் எல்லோருக்கும் லஃபெயே என்னும் பால்தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அமா கடைக்கு வந்தார். இந்தத் தடவை இருமல் இல்லை. "இன்னிக்கு மத்தியானம் மேல வா. பெரியவர் ஃபோன் பண்றேன்னு சொல்லியிருக்கார். குரல் கொடுத்தவளும் இருக்கணுமாம்."

மேலே போனேன். ஃபோனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்கள். நிதானமான குரல், அவசரமே இல்லாத குரல்.

"குரல் நல்லா இருக்கு" என்றார் பெரியவர். "ஆனா இந்தக் காட்டுல எதுக்கு இவ்வளவு காத்து? ஒவ்வொரு ஹ்நின்னுக்கும் திமிங்கிலம் மூச்சு விடற மாதிரி இருக்கு. அப்புறம் அந்த முயல். பனிமேல மிதிச்சுப் போகணும். நீங்க மிதிக்கும் மூச்சு போட்டுட்டீங்க. பனிமேல பனிச்சுப் போயிருக்கு."

காது சூடாகிவிட்டது. மூச்சு இல்லாத இடத்திலும் மூச்சு போட்டிருக்கிறேன். அத்தனை கவனமாக இருந்தும் மாட்டிக்கொண்டேன். இல்லை, கவனமாக இருந்ததால் மாட்டிக்கொண்டேன். அப்போது எனக்கு அந்த முயலின் இன்னொரு பக்கம் நினைவுக்கு வந்தது. இரண்டாம் பாதிக் காகிதத்தில் இருந்தது. அந்த முயல் குளிர்காலத்துக்கு முன்னால் பழுப்பு ரோமத்தைக் கழற்றி வெள்ளை ரோமம் போட்டுக்கொள்ளும். ஆனால் பனியைப் பார்த்து மாறுவதில்லை, பகல் குறுகுவதைப் பார்த்து மாறும். சில வருடம் பனி தாமதமாக வரும். அப்போது பழுப்புத் தரையில் வெள்ளைவெளேரென்று உட்கார்ந்திருக்கும், தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டு. நான் அதற்காகப் பாவப்பட்டிருந்தேன்.

"இருக்கீங்களா?" என்றார் பெரியவர்.

"இருக்கேன், சயா" என்றேன். ஆசிரியர்களையும் பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"காகிதத்தைக் கீழ வைங்க. அந்த முயல் என்ன பண்ணுதுன்னு எனக்குச் சொல்லுங்க. படிக்க வேண்டாம், சொல்லுங்க. சரியா வரலேன்னா நாம வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

வேற ஏற்பாடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூச்சு விடாவிட்டாலும் தப்பு, விட்டாலும் தப்பு. போனால் போகிறது என்று, கடையில் அடம்பிடிக்கும் நோயாளியிடம் பேசுவதுபோல் பேசினேன். "பாருங்க சயா, அதுக்குப் பாதம் அகலம். விரலுக்கு நடுவுல ரோமம் இருக்கு. நீங்களும் நானும் போனா இடுப்பு வரைக்கும் புதைஞ்சிடுவோம். அது புதையாது. பனிமேல மிதிச்சுக்கிட்டுப் போயிடும். பின்னாலயே துரத்தி வர்ற லிங்ஸ் பூனைக்கும் அதே மாதிரி அகலப் பாதம், அதான் கஷ்டம். அதனால அது வேகமா ஓடணும், தினமும்." எல்லாம் பர்மிய மொழியில்தான். மூக்கைப் பற்றி நினைக்க நேரமில்லை.

பெரியவர் இருமினார்.

"இதுதான்" என்றார். "இப்படியே முதல்லேருந்து படிங்க."

அமா என் கையைப் பிடித்து அழுத்தினார். கரண்ட் போவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அப்போதே உட்கார்ந்தோம். மரங்களுக்கும் தவளைக்கும் மூஞ்சூறுக்கும் எப்படி மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்வதுபோல் படித்தேன். கடைசியாக வந்த முயல் வாக்கியமும் தடங்கல் இல்லாமல் ஓடியது. ஓடி முடித்த அதே நொடியில் எதிர்க்கம்பியில் இருந்து அந்தக் காகம், "கா" என்றது.

ஒலிப்பதிவுக்காரர் தலையில் கை வைத்தார். திரும்ப எடுக்கலாமா என்று நான் கேட்பதற்குள் விளக்கு அணைந்தது. இருட்டு மெத்தைகளுக்கு நடுவே அவர் சொன்னார். "விடுங்க. அந்தக் காட்டுல பெரிய காக்கா இருக்கு, குளிருக்கு எங்கயும் போகாம அங்கயே இருக்கும். நானே படத்துல பாத்தேன்." கரண்ட் வந்ததும் அப்படியே அனுப்பிவிட்டோம்.

மறுபடி ஃபோன் வந்தது அடுத்த வாரம். இந்தத் தடவை அமா என்னிடமே கொடுத்துவிட்டார். முதலில் பெரியவர், "ஒரு காக்கா இருக்கு" என்றார். ஒலிப்பதிவுக்காரர் சொன்ன நியாயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "சரி, அதுவும் அங்க பொழைக்கட்டும்" என்றார். இரண்டாம் பாதியையும் நானே படிக்க வேண்டும் என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் கேட்டார். "நீங்க எந்த ஊரும்மா?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டவரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறாரா? துறைமுகம், மூட்டை, கொள்ளுத்தாத்தா என்று அந்த நீளமான பதிலை மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"அலோன், சயா" என்றேன்.

"அலோனா? நானும் அலோன்தான். எந்தத் தெரு?"

அதுவரை யாரும் என்னிடம் அடுத்த கேள்வியாக அதைக் கேட்டதில்லை. தெருவின் பெயரைச் சொன்னேன். குரல் கொஞ்சம் கரகரத்தது, ஜலதோஷத்தின் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மீன் கெடங்குக்குப் பின்னாடி இருக்கே, அதுவா?"

"ஆமா, அதுக்குப் பின்னாடிதான்."

"தெரியும், தெரியும். அந்தக் கதவு தெறந்தா தெருவெல்லாம் ஹ்நின் வருமே" என்றார் பெரியவர். காதை நன்றாக ஃபோனில் அழுத்தி வைத்துத்தான் கேட்டேன். அவர் சொன்ன அந்தச் சொல்லில் மூச்சு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.